துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்: வீட்டில் நீர் புகுந்தால் யார் பொறுப்பு, யாரிடம் கேட்பது?

மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்த நீருக்காக முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்ட குடும்பங்கள் நம் ஊர் அடுக்குமாடிகளில் ஏராளம். வாடகை வீட்டில் ஓதம் ஏறிய சுவரை பீரோ வைத்து மறைத்துவிட்டு, பிள்ளையின் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். புது ஃபிளாட்டின் சீலிங் இரண்டாவது மழைக்கே ஊறிப்போக, "வாரண்டி ஒரு வருஷம்தான் சார்" என்று பில்டர் சொன்னதை நம்பித் தன் காசில் பூச்சு வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். வெள்ளம் புகுந்து எல்லாம் இழந்தவர்களோ, இயற்கையிடம் யார் கணக்குக் கேட்பது என்று அடங்கிவிடுகிறார்கள்.

இந்த நான்கு பேருக்கும் வழி இருக்கிறது. ஆனால் நால்வரும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு. உங்களுக்கு உரிய கதவு எது என்பது, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லவும் தெரிந்து, காட்ட ஆதாரமும் வைத்திருப்பவரின் பேச்சு வாடகை ஆணையத்திலும் எடுபடும், காப்பீட்டு நிறுவனத்திலும் எடுபடும். நம்மில் பெரும்பாலோர் முதல் நாளே அந்த ஆதாரத்தை விளக்குமாற்றால் கூட்டி வெளியே தள்ளிவிடுகிறோம். இழப்பீடு கிடைக்காமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் உயிர்

பொருளைக் காப்பாற்ற ஓடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு நீரில் இறங்கித்தான் போக வேண்டும் என்றால் போகாதீர்கள். வெளியே நின்றபடி மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் உயிரோடுதான் இருக்கும். பலர் மறப்பது இதைத்தான். அதையும் தனியாக அணைக்க வேண்டும்.

மழை நின்ற பிறகும் ஆபத்து தொடர்கிறது. ஊறிய சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டு, நீர் சொட்டும் ஃபேன் கொக்கி, மூழ்கிய மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவை நன்றாகக் காய்ந்து, எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை தொடக்கூடாதவை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதையும் "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தப்படவில்லை என்றால், பழுது வேலையின்போது முதலில் அதைப் பொருத்துங்கள். மனித உடல் வழியாக மின்சாரம் கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது.

நீரில் மூழ்கிய எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரையும் டியூபையும் மாற்றாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. வாயு வாடை வந்தால் 1906-ஐ அழையுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டினால், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஃபால்ஸ் சீலிங் நீர் தேங்கித் தொங்கினால் அதன் அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

வெள்ள நீரில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றலாம். ரப்பர் பூட்ஸ் போடாமல் நீரில் இறங்காதீர்கள். இறங்கியிருந்தால், அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் "வெள்ள நீரில் நடந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

துடைப்பதற்கு முன்

எல்லாரும் பத்திரம் என்று உறுதியானதும் கைப்பேசியை எடுங்கள். வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையாக, நிறுத்தாமல் ஒரு காணொளி எடுங்கள். தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். நீர் நின்ற உயரத்தைக் காட்டும் கறையை அளவு நாடா வைத்துப் படம் பிடியுங்கள். கெட்டுப்போன ஒவ்வொரு கருவியின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள லேபிளைத் தனியாக எடுங்கள். கசிவு என்றால், அதே இடத்தை ஒரே கோணத்தில் தினமும் ஒரு முறை எடுங்கள். கறை பரவுவதை அந்தப் படங்கள் காட்டும்.

பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது பார்த்தீர்கள், மழை பெய்துகொண்டிருந்ததா, மேல் வீட்டில் தண்ணீர் புழங்கினார்களா, யாரிடம் எந்த நேரத்தில் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். தொலைபேசியில் பேசியதை உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுங்கள்: "இன்று காலை பேசியபடி, படுக்கை அறைச் சீலிங்கில் கசிவு தொடர்கிறது." மாதங்கள் கழித்து ஒரு வழக்கு வந்தால் இந்த ஒற்றை வரி உங்களைக் காப்பாற்றும்.

கெட்டுப்போனதைத் தூக்கி எறிவதிலும் அவசரம் வேண்டாம். காப்பீடு இருந்தால் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை மூழ்கிய பொருள்களை ஓரமாக ஒதுக்கி வையுங்கள். நாற்றமும் தொற்றும் தாங்காமல் மெத்தையை அகற்றியே ஆக வேண்டும் என்றால், படம் எடுத்து, ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அகற்றுங்கள். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட. ஓட்டை வழியாக மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது தார்ப்பாய் போடாமல் விட்டால், அதையே காரணம் காட்டி உங்கள் கோரிக்கையைக் குறைப்பார்கள். தார்ப்பாய் வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

இது எந்த நீர்?

மழைக்கு மட்டும் கசிகிறதா, எப்போதும் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். மழைக்கு மட்டும் என்றால் மொட்டை மாடி, வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடு ஆகியவற்றில் தேட வேண்டும். தளத்தின் வாட்டம் சரியில்லாமல் நீர் தேங்குவதும், தட்டோடுகளின் இடைவெளி விட்டுப்போவதும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை பிளப்பதும், மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துக்கொள்வதும் வழக்கமான காரணங்கள்.

எல்லா நாளும் ஒரே சீராகக் கசிந்தால் அழுத்தத்தோடு நீர் போகும் குழாயைச் சந்தேகியுங்கள். மேல் வீட்டின் வால்வை ஒரு நாள் மூடிப் பாருங்கள். கசிவு நின்றால் விடை கிடைத்துவிட்டது. காலையில் கூடி மதியம் குறைகிறது என்றால் குளியலறைத் தரையோ அதன் வடிகால் வாயில் உள்ள நஹானி டிராப்போ கழிவுக் குழாயின் இணைப்போ காரணமாக இருக்கும். குளியலறைத் துளையை அடைத்து, சாயப்பொடி கலந்த நீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்தால், கீழே சொட்டும் நீரின் நிறமே சாட்சி சொல்லும். இந்தச் சோதனையை இரு வீட்டாரும் சேர்ந்து நின்று செய்வது நல்லது. பிறகு யாரும் மறுக்க முடியாது.

தரைமட்டத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்தால், மண்ணிலிருந்து ஏறும் ஓதம் அது. அஸ்திவாரத்துக்கு மேல் போட வேண்டிய ஈரத்தடுப்புப் பூச்சு இல்லை, அல்லது கெட்டுவிட்டது என்று பொருள். கழிப்பறைக் கோப்பை வழியாகச் சாக்கடை எதிர்த்து ஏறினால் தெருவின் பாதாளச் சாக்கடை அடைத்திருக்கிறது. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 044-4567 4567 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வைப் பொருத்துவது பின்னால் செய்ய வேண்டிய நிரந்தரத் தீர்வு.

காரணம் குழப்பமாக இருந்தால் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து எழுத்து அறிக்கை வாங்குங்கள். அதற்குச் செலவாகும் சில ஆயிரங்கள் வீணாகாது. கொத்தனார் வாயால் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது, பொறியாளரின் கையெழுத்திட்ட அறிக்கை நிற்கும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்

ஈரமான சுவரில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை முளைக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதன் நுண்துகள்கள் கெடுதல். அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் கான்கிரீட்டுக்குள் நடக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் சீலிங் வெடித்துக் கான்கிரீட் பட்டை பட்டையாக விழும். சீலிங்கில் கம்பி தெரிகிறது என்றால் அழகு கெட்டது என்று நினைத்து பெயின்ட் அடிக்காதீர்கள். அந்த இடத்தின் தாங்கும் வலு குறைந்துகொண்டிருக்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளில் 2019 பிப்ரவரி முதல், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை வீட்டு உரிமையாளரின் வேலை. குழாய் வாஷர், வடிகால் சுத்தம், வாஷ் பேசின், சுவிட்ச் போன்ற அன்றாடப் பழுதுகள் குடியிருப்பவரின் வேலை. ஒழுகும் தளமும் ஓதம் ஏறிய சுவரும் உரிமையாளரின் கணக்கில் வருகின்றன, குடியிருப்பவர் செய்த சேதத்தால் வந்தவை தவிர.

உரிமையாளர் மறுத்தால், அவர் பார்க்க வேண்டிய பழுதை நீங்களே பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், பில்கள் இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வாடகையை நிறுத்திவிட்டால் நீங்களே பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள். தீரவில்லை என்றால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி தலைமையிலான வாடகை ஆணையத்தை அணுகலாம். புகார் சொன்னதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் துண்டிப்பதையும் இதே சட்டம் தடுக்கிறது.

இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்க உங்கள் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்களே வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் இதே சட்டம்தான். காலி செய்யும்போது ஓதத்தால் கெட்ட பெயின்ட்டுக்காக அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எதிராக, குடிவந்த நாளில் எடுத்த படங்கள் உங்கள் பக்கம் நிற்கும்.

புது ஃபிளாட் வாங்கியவர்களுக்கு

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3). இந்த எண்ணை மனதில் வையுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டட அமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். "எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வருட வாரண்டிதான்" என்று அவர் சொல்வது இந்த 5 ஆண்டுகளைக் குறைக்காது. சட்டம் தந்ததை விற்பவர் எழுதிய பத்திரம் பறிக்க முடியாது.

குடிவந்த பிறகு குளியலறைத் தரையை உடைத்து நீங்களே மாற்றியிருந்தால், கசிவுக்கு அதையே காரணம் காட்டி பில்டர் தப்பிக்கப் பார்ப்பார். எனவே 5 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் பழுதைத் தாங்களே பார்க்கும் முன் எழுத்தில் தெரிவித்து, பதிலுக்குக் காத்திருப்பது நல்லது. நான்காவது ஆண்டு முடியும் தறுவாயில் இருப்பவர்கள் ஒரு பொறியாளரை வைத்து வீடு முழுவதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதில் இல்லாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரியல் எஸ்டேட் சட்டம் வந்ததால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபட்டுவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியிருக்கிறது. நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு 2 ஆண்டுகள். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாட்டர் புரூஃபிங் செய்து தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த மழைக்கே கைவிட்ட ஒப்பந்ததாரர் மீதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு பில்லும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்ற எழுத்தும் வேண்டும். வேலையை ஒரு நாள் முழுக்க நீர் தேக்கிச் சோதித்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

மேல் வீடும் மொட்டை மாடியும்

அடுக்குமாடியில் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். மொட்டை மாடி, வெளிச்சுவர், எல்லாருக்கும் பொதுவான செங்குத்துக் குழாய்கள், சம்ப், மேல்நிலைத் தொட்டி ஆகியவை பொதுச்சொத்து. அவற்றைப் பழுது பார்ப்பது சங்கத்தின் கடமை, செலவு எல்லாரும் பகிர்வது. "மாடி வீட்டுக்காரருக்குத்தானே ஒழுகுது, அவரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று மற்றவர்கள் ஒதுங்க முடியாது. தனி ஃபிளாட்டுக்குள் இருக்கும் குளியலறைத் தரையும் உட்குழாயும் அந்த ஃபிளாட் உரிமையாளரின் பொறுப்பு. அவர் கவனிக்காமல் விட்டதால் கீழ் வீட்டுக்கு வந்த சேதத்துக்கும் அவரே பொறுப்பு. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கி, பராமரிப்புப் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள்.

மேல் வீட்டுக்காரர் உங்களுக்குச் சேவை விற்றவர் அல்லர் என்பதால் அவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அவரோடு பேச்சு, சங்கத்தின் வழியாகக் கடிதம், அடுத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்ற வரிசையில் போங்கள். அங்கே வழக்கு தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். கட்டணம் கிடையாது. சட்ட உதவி எண் 15100. அங்கேயும் அவர் வர மறுத்தால்தான் உரிமையியல் நீதிமன்றம். பழுது பார்க்கச் சொல்லி உத்தரவும், சேதத்துக்கு இழப்பீடும் அங்கே கேட்கலாம்.

மேல் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தரை உங்களுக்குக் காய்ந்தே தெரியும். கீழே நிற்பவர் சொல்லும்போது அது பொய்யாகத் தோன்றும். ஒரு முறை கீழே இறங்கிப்போய் அவர்கள் சீலிங்கைப் பாருங்கள். பாதி வழக்குகள் அந்தப் படிக்கட்டிலேயே தீர்ந்துவிடும்.

காப்பீடு: இருப்பதே தெரியாமல் இருக்கலாம்

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பத்திரக் கட்டை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். கடனோடு சேர்த்துக் கட்டடத்துக்கும் பாலிசி எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. அது உயிர்க் காப்பீடா, கட்டடக் காப்பீடா என்பதை வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றோடு, தொட்டியும் குழாயும் திடீரென்று வெடித்து வழிவதால் வரும் சேதமும் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே பாதுகாப்பு வரும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள், மறுபடி கட்ட ஆகும் செலவே கணக்கு.

மாதக்கணக்கில் மெல்ல ஊறிய ஓதத்துக்கும் பராமரிப்பு இல்லாமல் வந்த தேய்மானத்துக்கும் காப்பீடு பணம் தராது. திடீர் நிகழ்வா, பழைய கசிவா என்பதுதான் மதிப்பீட்டாளர் தேடும் விடை. மழைக்கு முன் எடுத்த படங்களும் தேதியிட்ட குறிப்புகளும் அங்கேதான் உதவும். சேதம் தெரிந்த உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கோரிக்கை எண் வாங்குங்கள். தாமதம் அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கும்.

மறுத்தால், குறைத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடமே முறையிட்டு ஒரு மாதத்தில் தீராவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை, அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

வெள்ளம் என்றால் அரசு தர வேண்டியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் மூழ்கடித்தது. அடுத்த இரண்டு வாரத்தில் தாமிரபரணிக் கரை மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு அரசு 6,000 ரூபாய் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். எல்லாருக்கும் ஒரே தொகையாகத் தரும் அந்த உதவி வேறு, வீடு சேதமானதற்கு உரிய நிவாரணம் வேறு. இரண்டாவது, கேட்டால்தான் பெரும்பாலும் வரும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த விதிமுறைப்படி, சமவெளியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000 ரூபாய். இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக மூழ்கிய வீட்டில் துணிகளுக்கு 2,500, பாத்திரங்களுக்கு 2,500 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனாலும் அது உங்களுடையது. கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரிடம் படங்களைக் காட்டுங்கள். அவர் வரவில்லை என்றால் வட்டாட்சியருக்கு மனு எழுதி ஒப்புகை வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-இலும் பதியலாம். வெள்ள நேரத்து அவசர எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

ஊறிப்போன ஆவணங்களைப் பிரித்து உரிக்காதீர்கள். நிழலில் காற்றாட விடுங்கள். கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். தொலைந்தவற்றுக்குக் காவல்துறையின் இணையதளத்திலேயே புகார் பதிந்து ரசீது எடுக்கலாம்.

கடிதம் எப்படி எழுதுவது

உரிமையாளர், பில்டர், சங்கம், மேல் வீடு, யாருக்கானாலும் அமைப்பு ஒன்றே. கோபம் வேண்டாம், அடைமொழிகள் வேண்டாம்.

"ஐயா, எங்கள் வீட்டுப் படுக்கை அறைச் சீலிங்கில் கடந்த மாதம் 12-ஆம் தேதி முதல் நீர் கசிகிறது. 15-ஆம் தேதி நேரில் தெரிவித்தோம். பொறியாளரின் அறிக்கைப்படி காரணம் உங்கள் குளியலறைத் தரை. அறிக்கையும் 6 படங்களும் இணைத்துள்ளோம். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பழுதைச் சரிசெய்து, எங்கள் சீலிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். தவறினால் சட்டப்படி அடுத்த நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

சேர்ப்பித்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. கடிதத்தின் நகலோடு ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

பழுது பார்க்கும் வரிசை

பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாவது வரிசை மாறுவதால். முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். அடுத்து சுவர் உள்ளிருந்து காய வேண்டும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டாலும் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகே பூச்சு, கடைசியில் பெயின்ட். ஈரச் சுவர்மேல் 'டேம்ப் புரூஃப்' பெயின்ட் அடித்தால் உள்ளே அடைபட்ட நீர் வேறிடம் தேடி வெளியே வரும். கம்பி தெரியும் இடத்தில் தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் தடுப்புப் பூச்சு கொடுத்த பின்பே புதுக் கலவை போட வேண்டும்.

வெள்ளம் புகுந்த சம்பை முழுக்க இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்யும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சம்புக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடிக்கிடந்த சம்பின் காற்றே ஆளைக் கொல்லும். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

ஐப்பசிக்கு முன்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டுகிறது. எப்போது வரும் என்று தெரிந்த மழைக்குத் தயாராவது கடினம் அல்ல. ஆவணி, புரட்டாசியில் மொட்டை மாடிக் குழாய் வாயில் சேர்ந்த இலைகளை எடுங்கள். ஒரு வாளி நீர் ஊற்றி வாட்டம் சரியா என்று பாருங்கள். வெளிச்சுவர் விரிசல்களை அடையுங்கள். தாழ்வான தெருவில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரையும் சுவிட்ச் பிளக்குகளையும் உயர்த்திப் பொருத்துங்கள், ஆவணங்களை டிஜிலாக்கரில் ஏற்றுங்கள்.

இவற்றோடு, செலவே இல்லாத ஒன்றையும் செய்யுங்கள். வெயில் அடிக்கும் ஒரு நாளில், வீடு நன்றாக இருக்கும்போதே, எல்லாச் சுவர்களையும் சீலிங்குகளையும் கருவிகளையும் ஒரு காணொளியாக எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். நாளைக்குச் சேதம் வந்தால், "இது முன்பே இருந்தது" என்று உரிமையாளரும் பில்டரும் காப்பீட்டு நிறுவனமும் சொல்லக்கூடிய முதல் மறுப்புக்கு அதுவே பதில். சட்டங்கள் நமக்காக எழுதப்பட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவற்றைப் பயன்படுத்தத் தேவையான ஆதாரத்தை மட்டும் நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.